நூமாவின் கைபடாத கடிகாரம்

லா ஷோ-து-ஃபோன்
வெள்ளிக்கிழமை, நவம்பர் 25, 2022

அன்பு மகள் மரியேலுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலையும் என் கண்ணையும் விட்டுவிட்டுப் பார்த்தால் நாங்கள் இருவரும் சுகம், நீயும் கிரேக்கும் குட்டி ஈடித்தும் எங்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஈடித்தின் முன்பல் விழுந்த படத்தை அப்பா ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறார், வருகிறவர்களிடம் எல்லாம் தானே பிடுங்கியது போலக் காட்டுகிறார். இங்கே பனி சீக்கிரமே விழுந்துவிட்டது, வாசலில் பனியை வாரிப்போட ஆள் வைக்கலாம் என்றால் அப்பா கேட்பதில்லை, "எனக்கு முழங்கால்தான் போச்சு, கை போகல" என்கிறார், பிறகு ராத்திரி முழுக்க முனகல். உனக்கு அங்கே வெயில் காலம் தொடங்கியிருக்கும், தொப்பி இல்லாமல் தோட்டத்தில் நிற்காதே. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் உன் அப்பா பின்னால் நின்று ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் போடுவார், அதோடு உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீ "ஞானத்தகப்பன் எங்கம்மா, மேசையில காணோமே" என்று கேட்டாய், நான் சளி, காய்ச்சல் என்று சொன்னேன். அவருக்குச் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அவர் நம் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார், அதற்குக் காரணம் நான்.

இந்த நவம்பர் போட்டியில் நான் நடுவராக உட்காரப் போகிறேன் என்று கோடையிலேயே சொல்லியிருந்தேன் அல்லவா, நஷாத்தெல்லில் ஏரிக்கரை ஹோட்டலில் வருஷா வருஷம் நடக்கிறதே, பழைய கைக்கடிகாரங்களுக்கும் அவற்றை வைத்திருப்பவர்களுக்கும் நடத்துகிற போட்டி, அதுதான். வழக்கமாக டயல்களைப் பார்க்கிற மனிதருக்கு இதய ஆபரேஷன், நாற்பது வருஷம் டயல் வேலை பார்த்தவள் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டேன். நீ பார்த்ததில்லை, பார்த்தால் சிரிப்பாய். ஜெனீவாவிலிருந்தும் மிலானோவிலிருந்தும் தோக்கியோவிலிருந்தும் வளர்ந்த ஆண்கள் பூட்டிய பெட்டிகளோடு வருகிறார்கள், ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி கை கழுவுகிறார்கள், ஒருவர் பெட்டியை ஒருவர் எட்டிப் பார்த்து ஒரு கீறலைப் பற்றி அரை மணி நேரம் கிசுகிசுக்கிறார்கள். பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தவனைப் பார்த்தால் இழவு வீட்டில் பேசுகிற குரலில் ஆறுதல் சொல்கிறார்கள். அவர்களுக்குள் பெரிய மரியாதை எதற்கு என்றால் "கைபடாதவை" என்ற பிரிவுக்கு. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து யாரும் தேய்க்காத, யாரும் பூசாத, டயலையும் முட்களையும் மாற்றாத கடிகாரங்கள் மட்டும்தான் அதில் வரலாம். கறை இருக்கலாம், கீறல் இருக்கலாம், யாரும் அதைச் சரிசெய்திருக்கக் கூடாது. கோப்பை கூடச் சின்னதுதான், ஆனால் அதற்காக அவர்கள் பெற்ற தாயைக்கூட விற்பார்கள் என்று உன் அப்பா சொல்வார்.

உன் ஞானத்தகப்பன் நூமாவின் கடிகாரத்தைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து டயலில் தெரிகிற அந்தச் சின்ன நிலா வளர்கிறதா தேய்கிறதா என்று பார்த்தவள் நீ, உன் கல்யாணத்தன்று எல்லோர் முன்னாலும் எனக்குப் பிறகு இது மரியேலுக்கு என்று அவர் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். ஆனால் அதில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, உன் அப்பாவையும் என்னையும் தவிர உயிரோடு இருக்கிற யாருக்கும் போட்டி நடந்த இந்த நவம்பர் ஐந்தாம் தேதி வரை தெரியாது. எண்பத்தாறில் அப்பாவின் தொழிற்சாலையை மூடினார்கள். அப்போது நான் சமையலறை மேசையில் வைத்து டயல் வேலை பார்த்தேன், பியெனிலிருந்து கெர்பர் என்ற வியாபாரி சிகரெட் டப்பாவில் டயல்களைப் போட்டு அனுப்புவான். எண்பத்தேழு பிப்ரவரியில் ஒன்று வந்தது, நாற்பத்தெட்டாம் வருஷத்துக் கடிகாரத்தின் டயல், நிலாவுக்கு ஒரு சின்னத் திறப்போடு. தண்ணீர் புகுந்து பாதி முகத்தில் கறுப்புக் கறை, எண்களில் நாலைந்து போயே போயிருந்தன. சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசு என்றான் கெர்பர். எனக்குச் சுரண்ட மனம் வரவில்லை. மேலே ஒரு மெல்லிய வார்னிஷ் பூச்சு கொடுத்து, அதன் மேல் வெள்ளிப் பூச்சு கொடுத்து, எண்களை ஒவ்வொன்றாக ஒற்றை மயிர்த் தூரிகையால் எழுதினேன். புதிதாகத் தெரியக் கூடாது என்றும் சொல்லியிருந்தான். கெட்டியான தேநீரில் ஒரு கழுவு கழுவி, ஓவனில் பிளம் கேக்குக்குப் பக்கத்தில் வைத்து, கதவை ஒருக்களித்துத் திறந்து வைத்துக் காயவிட்டேன். நாலு நாள் வேலை. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை மரியேல், இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நூமா படியேறி வந்தார், முகமெல்லாம் சிரிப்பு, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தன் தகப்பன் விட்டுப்போன காட்டுப் புல்வெளியை விற்று, கெர்பரிடம் அதை வாங்கியிருந்தார். "ஒரு நோட்டரி வீட்டு மேசை டிராயர்லயே நாப்பது வருஷம் கெடந்துச்சாம் ஒதீல், ஒருத்தர் கை பட்டதில்லயாம். நீதான் டயல் தெரிஞ்சவ, பார்த்துச் சொல்லு." நான் லென்ஸைக் கண்ணில் வைத்தேன். என் கையால் எழுதிய ஏழாம் எண்ணை நானே பார்த்தேன், அதன் வாலை நான் எப்போதும் கொஞ்சம் நீட்டி விடுவேன். புல்வெளி போய்விட்டது, கெர்பர் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை, கெர்பரின் வேலையை விட்டால் நம் வீட்டில் வேறு வருமானம் இல்லை. இத்தனையும் ஒரு மூச்சில் நினைத்தேன், பிறகு "ரொம்ப நல்லா இருக்கு நூமா" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்ன பொய். அதன்பின் முப்பத்துமூன்று வருஷம் ஒவ்வொரு பெரிய பண்டிகைக்கும் அவர் அதை எடுத்து வந்து மேசையில் வைப்பார், இந்தப் பழுப்பைக் காலம்தான் கொடுக்க முடியும், மனுசன் கொடுக்க முடியாது என்பார், உன் அப்பா மேசைக்கடியில் என் காலை மிதிப்பார். வெளியே சொல்ல வெட்கம், உள்ளே வைத்துக்கொள்ளப் பாரம். இன்னொன்றும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன், அவர் அப்படிப் புகழும்போது ஒவ்வொரு முறையும் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்காரும். காலம் இல்லையடா, நான்தான் என்று சொல்ல நாக்கு துடிக்கும்.

போட்டி அன்று காலை ரயிலில் நூமாவும் எங்களோடு வந்தார். சும்மா பார்க்க வருகிறார் என்றுதான் நினைத்தேன், தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற அன்று போட்ட கோட்டைப் போட்டிருந்தார், அதைக் கவனித்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சுரங்கம் தாண்டியதும் கீழே ஏரி முழுக்க மூடுபனி, ஜன்னல் வெளுத்துப்போனது, அப்போது உள்பையிலிருந்து பெட்டியை எடுத்துக் காட்டினார். "கைபடாதவை பிரிவுல பேர் கொடுத்திருக்கேன். உன்கிட்ட வேணும்னுதான் சொல்லல, சொன்னா நீ ஒதுங்கிக்குவே. பேரைச் சொல்ல மாட்டாங்களாம், நம்பர்தானாம், அதனால யாருக்கும் பாதகமில்ல." ஏரிக்காற்று ஈரம் கடிகாரத்துக்கு ஆகாது, இவ்வளவு கூட்டத்தில் திருட்டுப் போகும், மிலானோக்காரர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். "எழுபத்தாறு வயசாச்சு ஒதீல். கல்யாணம் பண்ணல, புள்ள பெக்கல, மலையில லெட்டர் போட்டே காலம் போச்சு. நான் சரியா செஞ்சது ஒண்ணே ஒண்ணு இருக்குன்னா இதுதான், நாலு பேர் பார்க்கட்டுமே." உன் அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. நூமா கழிப்பறைக்குப் போனதும் குனிந்து, "வாயைத் தொறந்தே, அந்த ஆளு செத்துருவான். பேசாம நம்பரைப் பார்த்து மார்க் போட்டுட்டு வா" என்றார். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை, அப்படியே செய்வதென்றுதான் இறங்கினேன்.

நடுவர்கள் நாங்கள் மூன்று பேர், கதவு சாத்திய அறை. தலைவர் மொன்னியே ஜெனீவாக்காரர், பட்டறையில் ஒரு நாளும் விரல் அழுக்காகாத மனிதர். ஃபெருச்சோ மிலானோக்காரர், நல்லவர், ஆனால் வாய் நிற்காது. பதினோராவது கடிகாரமாக நூமாவுடையது வந்தது. பின்மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் அடையாளங்களைப் பார்த்தார்கள். எங்கள் தொழிலில் வேலை பார்த்தவர் எவரும் மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் தன் அடையாளத்தைக் கீறாமல் விடுவதில்லை, எண்ணெய் போட்டவர்களின் இரண்டு கீறல் இருந்தது, அது அனுமதிதான். டயல் வேலைக்காரர்கள் டயலின் முதுகில் கீறுவார்கள், அது கழற்றினால்தான் தெரியும். ஃபெருச்சோ டயலைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "ஐயோ, இந்தப் பழுப்பைப் பாருங்கய்யா. இதெல்லாம் மனுசக் கைக்கு வர்ற நிறமா? தேனு, தேனு!" மொன்னியேகூட, "முப்பது வருஷமா இந்த மேசையில உக்கார்றேன், இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்ல" என்றார். பத்துக்குப் பத்து எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார்கள். நானும் பேனாவைத் திறந்தேன். எழுதியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை, களைப்பு என்றுதான் நினைக்கிறேன், இன்னும் ஒரு பண்டிகை அந்தப் புகழ்ச்சியைக் கேட்கத் தெம்பில்லை. "டயலைக் கழற்றிப் பார்க்கணும்" என்றேன். நேரே நான்தான் செய்தேன் என்று சொல்லக்கூடத் துணிச்சல் இல்லை பார், கழற்ற வேண்டும் என்றுதான் சொன்னேன். மொன்னியே பேனாவை மூடினார். "மேடம், எங்களுக்கு மேல கெட்டிக்காரத்தனம் காட்டணுமா? சொந்தக்காரர் சம்மதம் வேணும், அவமானமா எடுத்துக்குவார்" என்றார். கேளுங்கள் என்றேன்.

நூமாவைக் கூப்பிட்டார்கள். உள்ளே வந்து என்னைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டினார், நான்தான் ஏதோ மரியாதைக்காகக் கேட்டிருக்கிறேன், எல்லோரும் உறுதியாக நம்பட்டும் என்று செய்கிறேன் என நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "கழட்டட்டுமே, எனக்கென்ன பயம்? ஆனா அந்தம்மாதான் கழட்டணும், வேற ஒருத்தர் கை படக்கூடாது" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை முட்டியது. அழவில்லை. முட்களை எடுத்தேன், திருகுகளைத் தளர்த்தினேன், கை நடுங்கவே இல்லை, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. டயல் தனியாக என் உள்ளங்கைக்கு வந்தது. திருப்பினேன். கெர்பர் அடையாளம் போடாதே என்று சொல்லியும் நான் போட்டிருந்தேன், மூன்று புள்ளி, கீழே எண்பத்தேழு. அந்த வயதில் எனக்கு அவ்வளவு கர்வம். அந்த அறையில் அதைப் பார்த்தது நான் ஒருத்திதான், மற்ற மூவரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சுத்தமாக இருக்கிறது என்று சொல்லித் திரும்ப மாட்டியிருந்தால் யாரும் மறுபேச்சு பேசியிருக்க மாட்டார்கள். நூமாவின் முகத்தில் சந்தேகம் என்பது மருந்துக்குக்கூட இல்லை. நான் டயலை மேசை மேல் குப்புற வைத்து, "இது என் அடையாளம். இதை நான்தான் எழுதினேன், பழசைச் சுரண்டாம அதுக்கு மேலேயே, எங்க வீட்டுச் சமையலறையில" என்றேன்.

பிறகு ஃபெருச்சோ, கடவுள் அவரை மன்னிக்கட்டும், விரல்களைக் குவித்து முத்தமிட்டுக் கைதட்டினார். "அம்மா, நீங்க மனுசி இல்ல, பேய்! இந்தக் கண்ணையே ஏமாத்திட்டீங்களே! அந்த நிறம் எப்படி வந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க!" மொன்னியே இரக்கப்பட்டு நூமாவிடம், புதுப்பித்தவை என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதற்கு மாற்றிவிட்டால் பரிசு நிச்சயம், புதுப்பித்தவரின் பெயரையும் சேர்த்து வாசிப்போம் என்றார். என் பெயரை வாசிப்பார்களாம். நூமா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "எத்தனை நாள் ஆச்சு ஒதீல்?" என்று கேட்டார். நாலு நாள் என்றேன். "நாலு நாள்" என்று அவரும் சொன்னார், "நான் முப்பத்துமூணு வருஷமா பார்த்துக்கிட்டிருக்கேன்." திரும்ப மாட்டிக் கொடுத்தேன், கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரும் ரயிலில் வேறு பெட்டியில் உட்கார்ந்தார். நிலையத்திலிருந்து மூன்று பேரும் ஒரே தெருவில், நாற்பது அடி இடைவெளி விட்டு, பனியில் நடந்து வந்தோம். உன் அப்பா வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "சொல்றதா இருந்தா எண்பத்தொம்பதுல சொல்லியிருக்கணும், இல்லன்னா கல்லறைக்குக் கொண்டு போயிருக்கணும். நடுவுல எறங்கினியே, இதுக்கு எந்த ஊர்ல டிக்கெட் வாங்கினே?" என்றார்.

மூன்று ஞாயிறு போயிற்று. நாற்பது வருஷமாகப் பன்னிரண்டு அடிக்கும்போது படியில் பூட்ஸ் தட்டும் சத்தம் கேட்ட வீடு, அது இல்லாமல் எப்படி இருக்கிறது என்று உனக்கு எழுதத் தெரியவில்லை. நான் போய்க் கதவைத் தட்டினேன், வீட்டில் விளக்கு எரிந்தது, திறக்கவில்லை. ரொட்டிக் கடையில் பார்த்தேன், வணக்கம் மேடம் என்றார். மேடம்! உன் ஞானஸ்நானத்தில் உன்னை ஏந்திக்கொண்டு நின்ற மனிதர். நேற்று வியாழன் காலை பத்து மணிக்கு, நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறேன், தட்டாமல் உள்ளே வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. கடிகாரத்தை உருளைத்தோலுக்குப் பக்கத்தில் வைத்தார். "நீ பூசினதை எடுத்துடு" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. "கீழ பழைய மூஞ்சி இருக்குதானே? சுரண்டலன்னு அங்க சொன்னியே. உன்னோடதை எடுத்துட்டு அதைக் கொடு." நூமா, அதன் கீழே ஒன்றும் இல்லை, கறுப்புக் கறை, பாதி எண் கிடையாது, பார்க்கச் சகிக்காது, இப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "நான் அதைப் பார்த்ததே இல்ல ஒதீல். வாங்கினவன் நான், பார்த்தவ நீ" என்றார். லென்ஸையும் பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்து வந்து டயலைக் கழற்றினேன். அவர் எதிரில் உட்கார்ந்து என் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தார், தபால் நிலையத்தில் கையெழுத்தைச் சரிபார்ப்பது போல.

எனக்கு இப்போது நெருக்கத்தில் இரண்டிரண்டாகத் தெரிகிறது, அதனால் மெதுவாகத்தான் செய்தேன். முதலில் மூன்று போயிற்று, பிறகு ஐந்து. பஞ்சில் கறுப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான் மிச்சம். ஏழுக்கு வந்தபோது கொஞ்சம் நிறுத்தினேன், அவர் கவனித்துவிட்டார். "அந்த இத்தாலிக்காரன் உன்னைப் பாராட்டினப்ப நீ சிரிச்சே. நான் பார்த்தேன்" என்றார். ஆமாம், சிரித்தேன் என்றேன். "உண்மையைச் சொல்லணும்னு சொன்னியா, உன் பேரு தெரியணும்னு சொன்னியா?" என்றார். நான் யோசித்தேன் மரியேல், பொய் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனவள், யோசித்துத்தான் சொன்னேன், எனக்கே தெரியவில்லை நூமா, இரண்டும் இருந்திருக்கும் என்று. அவர் தலையாட்டினார். ஏழாம் எண்ணைத் துடைத்தேன், துடைக்கும்போது அழுதுவிட்டேன், என் நல்ல வேலை போகிறதே என்று அழுதேனா, அவருக்காக அழுதேனா என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கீழே இருந்தது நான் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் கடைசியாகப் பார்த்த அதே முகம், கறை நிலாத் திறப்பைச் சுற்றி ஓடி ஒன்பது வரை போகிறது, கம்பெனிப் பெயர் மட்டும் சூளையில் சுட்டது என்பதால் அழியாமல் நிற்கிறது. நூமா என் லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அசிங்கமா இருக்கு" என்றார். ஆமாம் என்றேன். "இதுல உன்னோடது இன்னும் ஏதாவது இருக்கா?" இல்லை என்றேன், பின்னால் அந்த மூன்று புள்ளி மட்டும், வேண்டுமானால் அதையும் தேய்த்துவிடுகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்து, அது கிடக்கட்டும் என்றார். நான் திரும்ப மாட்டிக் கொடுத்ததும், இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கையில் கட்டாத கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இவ்வளவு எழுதியதும் கை ஓய்ந்துவிட்டது, நாளை அப்பாவிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொல்லலாம் என்று வைத்தேன், பிறகு ஞாயிறு வரை பார்ப்போம் என்று நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிறு, மாலை. இன்று காலை அப்பா மேசையில் மூன்று தட்டு வைத்தார், நான் ஏன் என்று கேட்கவில்லை. பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டு ஐந்து. அப்பா ரொட்டியை வெட்டி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார், பனியைப் பார்க்கிறாராம். சாப்பிடலாம், ஆறிப்போகிறது என்று சொல்லிவிட்டு நான் கரண்டியை எடுத்தேன். அப்போது படியில் பூட்ஸ் தட்டும் சத்தம் கேட்டது. நூமா உள்ளே வந்தார், கோட்டைக் கழற்றி மாட்டினார், தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்பது வருஷம் மலையேறித் தபால் கொடுத்து ஒரு நிமிஷம் தாமதம் என்று பெயர் வாங்காத மனிதர். மணிக்கட்டை என் மூக்குக்கு நேரே நீட்டி, "பத்து நிமிஷம் பின்னாடி ஓடுது, பார்த்தியா? நீ கை வெச்சே, கெட்டுப்போச்சு" என்றார். உன் அப்பா உடனே, "எண்ணெய் போடாத வண்டியை ஓட்டிட்டு அவளைத் திட்டுறியா?" என்று சண்டைக்குப் போனார், இருவரும் சாப்பாடு முடியும் வரை எண்ணெயைப் பற்றி அடித்துக்கொண்டார்கள். என் முகத்தை அவர் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. போகும்போது மேடம் என்றும் சொல்லவில்லை, ஒதீல் என்றும் சொல்லவில்லை. ஆனால் வந்தார் மரியேல், அதுவே எனக்கு இன்றைக்குப் போதும், நான் ரொம்பக் களைத்திருக்கிறேன்.

அவர் உனக்குப் போன் செய்வார். உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்று சொல், அது உண்மை. இந்த முகத்தோடும் அது உனக்கு வேண்டுமா என்று கேட்டால் உன் மனதில் பட்டதைச் சொல், எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை பேசாதே. என் மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது, மனதில் வைத்துக்கொள்ளாதே, வைத்துக்கொள்வதில் என்னைப் போல ஆகிவிடாதே. ஈடித்துக்கு அனுப்பிய கம்பளிக் காலுறை சின்னதாக இருந்தால் சொல், வேறு பின்னுகிறேன், கண் பார்த்துக்கொள்ளும். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவரிடம் ஒருவர் மறைக்க ஒன்றும் இல்லாமல் வாழக் கடவுள் துணையிருக்கட்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா ஒதீல்

(அப்பா கையெழுத்து: அந்தக் கடிகாரத்தில் ஒன்றும் கெடவில்லை. கெட்டியாகிப்போன எண்ணெய்ப் பசை, அவ்வளவுதான். நூமாவிடம் நீயாவது சொல். முத்தங்கள். ரெமி.)